மூன்றாம் பாகத்தில் நெருப்பு

முதல் பாகத்தில் ஜோரன்
ரெண்டு மாடி தாவுவான்.
ரெண்டாவதில்
முழங்கால் தண்ணியில் செத்துப்போகிறான்.
மூன்றாவதில் உள்ளங்கையில் நெருப்பு,
தாவல் மட்டும் திரும்பவில்லை.

அனுப்பர்பாளையம். ஒன்றரை ஷிப்டின் டீ நேரம்.
நொய்யலில் விழுந்திருப்பான்,
சாயத்தண்ணி முட்டியைத் தின்னிருக்கும் என்கிறான்
ஓவர்லாக் மௌலீஸ்வரன்.
அது இவனே இல்லீங்க, தம்பிக்காரன்,
மச்சம் எடம் மாறியிருக்கு பாருங்க —
செக்கிங் தாரணி
போனில் அவன் தாடையைப் பெரிதாக்கிக் காட்டுகிறாள்.

தாவலை எழுதுனவன் கணக்கு முடிச்சுட்டுப் போயிருப்பான்,
வந்தவனுக்குத் தாவத் தெரியாது.
சொன்னது சின்னியப்பன்,
ஒருநாளும் விளையாடாதவர்.
கொஞ்ச நேரம்
டீயை மட்டும் குடித்தோம்.

பெருந்துறையில் நான் கட்டிங் மாஸ்டர்.
நூறு அடுக்குத் துணியில்
மயிரிழை பிசகாமல் கத்தி ஓட்டினவன்.
இங்கே பிசிர் வெட்டுகிறேன்.
நடுவில் என்ன ஆச்சென்று
எவனும் என் தாடையைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பெல் அடித்துவிட்டது.
நாலாம் பாகம் கார்த்திகையில வருதாமுங்க என்றாள்.
தாவுவானா?
தெரியலீங்ணா.
தண்ணியில சாக மாட்டான்னு மட்டும்
பேசிக்கறாங்க.