உறைக்குள் உறைத்தது

நாளை பத்து மணிக்கு ஓபாவாவிலிருந்து ஆள் வருகிறான்,
வண்டியைப் பார்க்க.
பதினோரு வருடத்து வெள்ளை ஃபாபியா.
கழுவியாயிற்று. துடைத்தாயிற்று.
தள்ளி நின்று பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாள் சொன்னது:
மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு
கதவைத் தடவிப் பாருங்கள்.
ரொட்டி வந்த உறை இருந்தது. மாட்டினேன். தடவினேன்.
வெறுங்கைக்குக் கண்ணாடியாய் இருந்த கதவு
உறைக்குள் உறைத்தது:
சவரம் செய்து இரண்டு நாளான தாடை.

ராத்வானிட்சேவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
ஜன்னல் விளிம்பைத் தொட்டால் விரல் கறுக்கும்.
கொடியில் காயும் தலையணை உறை
காற்று எந்தப் பக்கமிருந்து என்று சொல்லிவிடும்.
உருக்காலை விட்ட மூச்சில்
பாதி எங்களுக்கு, பாதி எங்கள் வண்டிகளுக்கு.
வெள்ளை வண்டியில் கணக்கு வெளிப்படை:
கடுகில் கால்வாசி இல்லை ஒவ்வொன்றும்,
ஆரஞ்சுப் புள்ளிகள்.
பெயிண்டில் பல் பதித்த இரும்பு.
சோப்புக்கு அசைந்து கொடுக்கவில்லை.

என் வேலை ரத்தம் எடுப்பது.
நாளைக்கு அறுபது முழங்கை.
கண்ணுக்குத் தெரியாத நரம்பு விரலுக்குத் தெரிந்துவிடும் எனக்கு.
அப்படிப்பட்டவள் இந்தக் கதவைப்
பதினோரு வருடம் சாவியால் மட்டும் தொட்டிருக்கிறேன்.

நீலக் களிமண் கட்டி, சோப்பில் பாதி.
அதிலும் பாதியைக் கிள்ளி
வெந்நீரில் காட்டிப் பிசைந்து
மூன்று விரல் அகலத்துக்குத் தட்டினேன்.
மண்ணை வைத்தா மண்ணை எடுப்பது?
என் தலையிலும் அதுதான் இருந்திருக்க வேண்டும்:
முதல் தேய்ப்பு, எதையும் தெளிக்காமல்,
அதுவும் வட்டம் வட்டமாக,
அடிப்பிடித்த பாத்திரத்தைத் துலக்குவதுபோல.
பானெட்டின் நடுவில் கையகல மங்கல்.
தாளின் அடுத்த வரி அப்போதுதான் கண்ணில் பட்டது:
உலர்ந்த பெயிண்டில் ஒருபோதும் வேண்டாம்.

பிறகு ஒழுங்கானேன்.
தெளித்தேன், போதும் என்று தோன்றிய பிறகும் தெளித்தேன்.
நேராகப் போ, நேராக வா.
அழுத்தக் கூடாது, கட்டி தானாக மிதக்க வேண்டும்.
முதலில் சரசரவென்று முனகுகிறது.
முனகல் தேய்கிறது.
சட்டென்று சத்தமே இல்லை, கை வழுக்கிக்கொண்டு போகிறது.
அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம்.
திருப்பிப் பார்த்தேன்:
நீலத்தின் மேல் பழுப்புத் தேமல்.
மடித்துப் பிசைந்தேன். அழுக்கை விழுங்கிவிட்டு
வேறு முகம் காட்டியது.

இரண்டாம் மாடி பால்கனியில் லுபோர் வாவ்ரெச்கா,
கையில் பீர்.
"விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சீராட்டு, த்ராஹோமிரா?"
பதில் சொல்ல நிமிர்ந்தேன்.
பதிலும் வரவில்லை, கட்டியும் நழுவிச் சரளையில் விழுந்தது.
விழுந்ததை எடுக்காதே என்கிறது தாள்;
அதன் ஒரு மணல் போதும், வண்டி முழுக்கக் கோடு கிழிக்க.
இது மட்டும் எனக்குப் புதிதில்லை.
கீழே விழுந்த ஊசி, குப்பைக்கு.

மிச்சப் பாதியில் கதவுகள், டிக்கி,
கூரையில் வலது பக்கம்.
அதற்குள் இருட்டிவிட்டது.
மெழுகு பூசும்போது செல்பேசி வெளிச்சத்தைப்
பல்லில் கடித்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு வந்தான். ஹினெக் என்று பெயர்.
ஐந்து கொருனா நாணயத்தை டயர்ப் பள்ளத்தில் செருகிப் பார்த்தான்.
எண்ணெய்க் கம்பியை உருவி முகர்ந்தான்.
கதவைக் கையுறையோடு திறந்து கையுறையோடு மூடினான்.
பிறகு வெயிலுக்கு எதிரே குந்தி
பானெட்டின் நடுவை மோதிர விரலால் சுட்டினான்:
"இது என்ன?"
அதற்கு இரண்டாயிரம் குறைத்தோம்.

சாவி கொடுத்தேன். தெருமுனையில் திரும்பினான்.
கூரையின் இடது பாதியில்,
நான் தொடாத பாதியில்,
எங்கள் ஊர் இரும்பு ஓபாவாவுக்குப் போகிறது,
அதற்கு அவன் பேரம் பேசவில்லை.