இவ்வளவுதானா

பதினோரு ஆண்டாக இந்த வேலை.
சுற்றுலாக் கூட்டத்தின் வாயில் நான் அதிகம் கேட்ட சொல்
நன்றி அல்ல.
'இவ்வளவுதானா?'

சிங்க முகம், மீன் உடல், ஓயாமல் தண்ணீர்.
எட்டரை மீட்டர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
யாராவது கேட்டுவிடுவார்கள்.
படத்துல பெருசா இருந்துச்சே, மேடம்.
அளவு குறைந்ததற்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல
கையிலிருக்கும் கொடியைக் கொஞ்சம் தாழ்த்துவேன்.

நேற்று கரூர்க்காரர்கள், முப்பத்தொரு பேர்.
தீவு விரைவுச்சாலையில் லாரி ஒன்று கவிழ்ந்திருந்தது.
பேருந்து அசையவில்லை.
கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற மாசிலாமணி
கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.
ஏழு அதிசயம்னு எவனோ எங்கேயோ முடிவு பண்ணினா
நாம ஏன் ஒத்துக்கணும்?
ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரே ஒரு பெயர்.
வழிகாட்டிக்கு ஓட்டு கிடையாது.
ஹோட்டல் ரசீதுகளைக் கிழித்தார்.
நோட்டு எண்ணிப் பழகிய விரல்கள்,
ஒரு துண்டும் அளவு பிசகவில்லை.

உடனே சட்டச் சிக்கல்.
பார்க்காததுக்குப் போடலாமா?
பார்த்துட்டா அப்புறம் எப்படிப் போடறது என்றார் கடைசி வரிசையில் ஒருவர்,
சீனப் பெருஞ்சுவர் ஏறி முட்டியைத் தொலைத்தவர்.
கல்லறைகளைச் சேர்க்கக் கூடாது என்றது ஒரு குரல்.
அப்போ தாஜ்மகாலும் போச்சு, பிரமிடும் போச்சு.
கட்டினவன் பேர் தெரியாதது எதுவும் செல்லாது
என்றாள் அல்லியங்கோதை.
கட்டச் சொன்னவன் பேர் தெரியுமே என்றார் கணவர்.
அப்படித்தான் எப்பவும் என்றாள்.
அது பிரமிடைப் பற்றியதல்ல என்று
பேருந்து முழுக்கத் தெரிந்து
சற்று நேரம் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.

தொப்பியைக் கவிழ்த்து எண்ணினார்.
தஞ்சைப் பெரிய கோயில் பதினான்கு.
தாஜ்மகால், தடையை மீறி, ஏழு.
மாச்சு பிச்சு ஒன்று, எழுத்துப்பிழையோடு.
'இந்த பஸ் ஏசி' மூன்று, மூன்றும் ஒரே கையெழுத்தில்.
சாங்கி விமான நிலையக் கழிப்பறை ஒன்று; அதற்குத்தான் கைதட்டல்.
வெற்றுச் சீட்டு ஐந்து.
மெர்லயன், ஒன்று.

இன்னும் பார்க்கவே இல்லையே, யார் போட்டது?
மாசிலாமணி மறுபடி எண்ணினார்.
முப்பத்திரண்டு.
ஒன்று உதைக்கிறதே என்று முணுமுணுத்து
கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.
காசாளர்களுக்கு அந்தப் பார்வை ஓய்வுக்குப் பின்னும் போவதில்லை.
ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.
தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

ஆமாம், நான்தான்.
மற்ற அதிசயங்களின் முன்னால்
நாம் போய் வாயைப் பிளக்கிறோம்.
இது ஒன்றுதான்
நம்மைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நிற்கிறது.
கரூரை, கொரியாவை, பள்ளிக்கு மட்டம்போட்டு வந்த பையன்களை,
விடிகாலை மூன்று மணிக்கு யாருமே இல்லாததை.
ஒருமுறை தலையில் மின்னல் இறங்கியது.
அப்போதும் மூடவில்லை.
இதைச் சீட்டில் எழுத இடமில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி நான்கே முக்கால்.
தண்ணீர் வரவில்லை.
குழாய் சுத்தம் செய்கிறார்களாம்,
இரண்டு பேர் பூட்ஸ் காலோடு நீரில் நின்றிருந்தார்கள்.
எதிர்க்கரையில் மூன்று கோபுரங்கள்
தலையில் கப்பலைச் சுமந்துகொண்டு நின்றன.
அவற்றுக்கு ஒரு ஓட்டுகூட விழாதது அப்போதுதான் உறைத்தது.

கொடியைத் தாழ்த்தத் தயாராக நின்றேன்.
யாரும் கேட்கவில்லை.
படத்துக்கு வரிசையாக நின்றார்கள்.
எல்லோரும் எடுக்கும் அதே படம்தான்,
தூரத்தில் நின்று கையைக் குவித்தால்
சிங்கம் உமிழ்வது உள்ளங்கையில் விழும்.
விழத் தண்ணீர் இல்லை. ஆனாலும் நீட்டினார்கள்.
இன்னும் கீழே, இன்னும் கீழே, இப்பச் சரி
என்று அல்லியங்கோதை தன் கணவரை நகர்த்தினாள்.

கடைசியாக மாசிலாமணி.
விரல் இடுக்கில்லாமல் இரு கையையும் சேர்த்து ஏந்தினார்.
நான் மூன்று படம் எடுத்தேன்.
போதும் சார் என்றேன்.

கையை உதறி,
கைக்குட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.