நேரடிப் பயன்

படிவத்தின் மூன்றாம் பத்தி இப்படிச் சொல்லும்:
"இந்த ஆய்வில் பங்கேற்பதால்
தங்களுக்கு நேரடிப் பயன் எதுவும் இல்லை."

நொம்புசோ மக்கன்யா ஜூலுவில் அதை
இரண்டு முறை வாசித்தாள்.
தகரக் கதவில் சாய்ந்து சிரித்தாள்.
"மேட்டிலிருந்து இறங்கி வந்ததில்
பொய் சொல்லாத முதல் காகிதம்."
கையெழுத்துப் போட்டாள்.
அவள் மொழியில் எப்படியோ, என் வீட்டு மொழியில்
கையெழுத்தும் தலையெழுத்தும் ஒரே எழுத்தில் முடியும்.

டர்பனில் மேட்டின் மேல் எங்கள் பல்கலைக்கழகம்.
பள்ளத்தில், பாலத்துக்கும் ஓடைக்கும் நடுவே
அவள் நடத்தும் குழந்தைகள் காப்பகம்:
பதினொரு நாற்காலி, ஒரு பானை, ஒரு குழாய்.
குழாய் வராத நாளில் ஓடை.

செவ்வாய்தோறும் ஆறு புட்டி.
ஐஸ் பெட்டியை மடியில் வைத்து டாக்சியில் நெருங்கி உட்கார்வேன்.
"மீனா?" என்பார் பக்கத்து இருக்கைக்காரர்.
"கிருமி" என்றால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆய்வகத்தில் ஓர் இரவு தூங்கிய தட்டுகள்
காலையில் ஊதாப் புள்ளிகளோடு விழிக்கும்.
எண்ணி மாளாத தட்டுக்கு
எங்களிடம் ஒரு சுருக்கெழுத்து உண்டு.
குழந்தைகளின் பேதிக்கு இல்லை.

பிப்ரவரியில் ஓடையோரமாக மேலே நடந்தேன்.
வாழைப்புதர் தாண்டி, பழைய டயர்கள் தாண்டி,
எங்கள் வேலியையும் தாண்டி
ஏறிக்கொண்டே போனது எண்ணிக்கை,
மாணவியர் விடுதியின் பின்புறம்
விரிசல் விட்ட கழிவுக்குழாய் வரைக்கும்.
நான் மூன்று வருடம் குளித்த அறைக்கு
நேர் கீழே.

வழிகாட்டி முனைவர் ஃபூரி கண்ணாடியைத் துடைத்தார்.
"முதலில் கட்டுரை வெளிவரட்டும்."
எப்போது?
"பதினெட்டு மாதம். நல்ல இதழ்."

பதினெட்டு மாதத்தில் ஒரு குழந்தை
தவழ்ந்து, எழுந்து,
ஓடைக்கு ஓடக் கற்றுவிடும்.

அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்தேன்.
பாலம் முதல் விடுதி வரை ஆறு எண்கள், மார்க்கரில்.
நொம்புசோ இந்த முறை சிரிக்கவில்லை.

மறுநாள் ஒன்பது பெண்கள் மேடேறினார்கள்.
வாயிலில் அடையாள அட்டை கேட்டார்கள்.
படிவத்தின் நகலைப் பிரித்துக் காட்டினாள்:
"பங்கேற்பாளர். எண் நாற்பத்தேழு."

பதிவாளரின் மேசையில் ஒரு புட்டியை வைத்தாள்.
தேநீர் நிறம்.
"உங்களுடையதுதான். திருப்பித் தர வந்தோம்."
குளிர்சாதனம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாளில் குழாயை மாற்றினார்கள்.
செய்திமடலில் "சமூகத் தாக்கம்" என்ற தலைப்பின் கீழ்
லோஷினி படையாச்சி, கையுறையுடன்.
படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு
நொம்புசோவின் தோள்.

ஓடையை இன்னும் குடிக்க முடியாது.
மேலே வேறு குழாய்கள் இருக்கின்றன, வேறு வேலிகளும்.
செவ்வாய்தோறும் ஆறு புட்டி.

இந்த வருடப் படிவத்தை நீட்டினேன்.
மூன்றாம் பத்தியை மாற்றக் குழு சம்மதிக்கவில்லை.
அவள் பேனா கேட்டாள்.
அந்த வரியை அடிக்கவில்லை.
அதற்குக் கீழே எழுதினாள்:
"இந்த ஆய்வால் மேட்டுக்கு நேரடிப் பயன்:"
பிறகு காகிதத்தின் ஓரம் வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

பேனாவை என்னிடம் நீட்டினாள்.