நான்கு இழுப்பு

சிற்றாலயத்தின் சாவி என் ஏப்ரன் பையில் கிடக்கிறது.
சாமியார் வருடத்துக்கு இரண்டு முறை படகேறி வருவார்,
அதுவும் கடல் விட்டால்.
மற்ற ஞாயிறுகளில் நான்தான்
கதவைத் திறப்பேன். பெஞ்சின் ஈரம் துடைப்பேன்.
ஒழுகும் இடத்தில் வாளி வைப்பேன்.
செபத்தை எடுத்துக் கொடுப்பேன்.
சீலோயேயின் இந்தச் சின்னத் தீவில்
பூசை இல்லாத நாட்களை இப்படித்தான் கடக்கிறோம்.
மாமனாருக்குப் பிறகு எவரிஸ்தோ வைத்திருந்த சாவி,
அவனுக்குப் பிறகு எனக்கு.

எவரிஸ்தோ சாகவில்லை.
சன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறான்.

இருபத்திரண்டு வருடம் கடலடியில் மட்டி பொறுக்கியவன்.
வாயில் ஒரு மஞ்சள் குழாய்,
படகில் ஒரு கம்ப்ரசர்,
மேலே குழாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்.
கீழிருந்து பார்த்தால் அந்த ஆள் தெரியமாட்டான்.
ஆனால் வரும் காற்றில் பெட்ரோல் வாடை அடிக்கும்,
அது போதும் என்பான்.
ஒரு இழுப்பு: நலம்.
இரண்டு: குழாயைத் தளர்த்து.
நான்கு: தூக்கு, என்னைத் தூக்கு.

ஆகஸ்டில் ஒருநாள் காற்று நின்றது.
நான்கு முறை இழுத்தான். பதில் இல்லை.
ஒரே மூச்சில் மேலே பாய்ந்தான்.
குலுக்கித் திறந்த சோடா போல இரத்தம் நுரைத்தது.
கால்கள் இன்னும் கீழேதான் நிற்கின்றன என்பான்,
சிரித்தபடி, முதல் மாதங்களில்.
இப்போது சிரிப்பதில்லை.

பிறகுதான் தெரிந்தது.
மேலே இருந்த நிபால்தோ தூங்கவில்லை.
செத்த எஞ்சினோடு மல்லுக்கு நின்றிருக்கிறான்.
உள்ளங்கைத் தோல் உரிந்து இரும்பில் ஒட்டியிருந்தது.
அவன் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறான்.
அத்தனையும் பதினெட்டு மீட்டர் தண்ணீரைத் தாண்டி
வெறும் மௌனமாகத்தான் கீழே போய்ச் சேர்ந்தது.

ஆண்டவரே,
இதை உமக்குச் சாக்காக எடுத்துக் கொடுக்கமாட்டேன்.
நிபால்தோவுக்குப் பத்தொன்பது வயது,
கையில் கடன் வாங்கிய எஞ்சின்.
உமக்கு என்ன குறை?

இப்படிக் கேட்டுவிட்டுத்தான் பெருக்குகிறேன்.
உம் சிலுவையின் வலது உள்ளங்கையில்
பூச்சி அரித்திருக்கிறது. மெழுகு வைத்து அடைத்தேன்.
கோபமாக இருந்தேன், ஆனாலும் அடைத்தேன்.
செபமாலையில் பாதி மணி தூக்கத்தில் போகிறது,
மீதி எவரிஸ்தோவின் படுக்கைப்புண் கழுவுவதில்.
எதுவும் தோன்றுவதில்லை எனக்கு.
கதகதப்பு இல்லை, கண்ணீர் இல்லை.
சாவி மட்டும் துருப்பிடிக்காமல் இருக்கிறது,
கை படுவதால்.

போன ஞாயிறு மணியடிக்கப் போனேன்.
எப்போதும் ஒன்றுதான் அடிப்பேன்,
வந்துவிட்டேன் என்று சொல்ல.
கயிறு கையில் ஈரமாக இருந்தது, அந்தக் குழாயைப் போல.
ஏனென்று தெரியாது.
இழுத்தேன். இழுத்தேன். இழுத்தேன். இழுத்தேன்.

தீ என்று நினைத்து ஓடிவந்தார்கள்.
ரொசால்பா நாவெல்கின் கையெல்லாம் மாவோடு.
பர்ரியா சகோதரர்கள் வாளிகளோடு.
ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸோடு
பள்ளிக்கூட வாத்தியார்.
மழை.
என்ன ஆயிற்று, ஓர்த்தென்சியா, என்றார்கள்.
சொல்ல ஒன்றும் இல்லை என்னிடம்.
கயிற்றை விடவும் முடியவில்லை.
ரொசால்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்,
மாவு ஒட்ட ஒட்ட.
வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை.
பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.
அன்று வாத்தியார்தான் செபம் எடுத்துக் கொடுத்தார்,
இரண்டு இடத்தில் தப்பும் தவறுமாக.

நீர்தான் அனுப்பினீர் என்று சொல்லமாட்டேன்.
இல்லை என்றும் என் வாய் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது
எவரிஸ்தோ கட்டிலிலிருந்து பாதி சரிந்து,
கை தரையில் ஊன்றி,
முகம் கதவுப் பக்கம் இருந்தான்.
நான்கு கேட்டது, என்றான்.
வந்துகொண்டிருந்தேன்.