பொறுக்கும் எண்

டாஃபினுக்கு வடக்கே, சரளைக்கல் ரோடு முடிகிற இடத்தில்
தோள் உயரத்துக்குச் சணல்.
நூற்றறுபது ஏக்கர்.
காலை ஆறு மணிப் பனியில் தொடைவரை நனைந்து
கையெல்லாம் பிசினோடு
வரிசைக்குள் நுழைகிறேன்.
சதுர மீட்டர் மரச்சட்டம், வெள்ளைத் தட்டு,
மழைக்கு ஊறாத நோட்டு.

சணல் என்றால் சாக்குப்பையா என்கிறாள்
பிராம்ப்டனில் இருக்கும் தங்கை.
கஞ்சாவுக்குப் பங்காளி என்றால்
சிரிப்பை அடக்க மாட்டாமல் புருஷனைக் கூப்பிடுகிறாள்.
போன வருஷம் இரண்டு பையன்கள் ராத்திரி வந்து
டிக்கி நிறைய அறுத்துப் போனார்கள்.
தலைவலிதான் மிஞ்சியிருக்கும்.
புழுவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.
அது விதைக்கு வருகிறது.

பெர்த்தா என்று அதற்குப் பெயர்.
யார் அந்தப் பெண்ணோ, என்ன கோபமோ.
சின்னதில் பச்சை, இலையா புழுவா தெரியாது.
வளர்ந்தால் கறுப்பு வெல்வெட், விலாவில் ஆரஞ்சுக் கரை.
ரவிக்கைத் துணியாக இருந்தால் விலை கேட்டிருப்பேன்.
செடியை உலுக்கினால் சுருண்டு விழுந்து
மண்கட்டிக்கு அடியில் செத்த மாதிரி கிடக்கும்.
நானும் குனிந்து, கட்டியைப் புரட்டி
ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறேன்.

எத்தனை வரை பொறுக்கலாம்?
தமிழில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம்.
என் வேலைக்கு இரண்டும் ஒன்று.
மீட்டருக்கு இத்தனை என்றால் தாங்கலாம்,
அதற்கு மேல் நஷ்டம் என்று
கனோலாவுக்கு ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன்.
சணலுக்கு என் கையில் எதுவும் இல்லை.
இரவல் எண்ணை வைத்துக்கொண்டு
இன்னொருவர் வயலுக்குத் தீர்ப்புச் சொல்கிறேன்.

ஓரெஸ்ட் ப்ரொகோபிசின்
வண்டியை அணைக்காமல் காத்திருக்கிறார்.
பக்கத்துக் கனோலாவுக்கு நேற்று விமானத்தில் மருந்தடித்தார்கள்.
வாடை கம்பியைத் தாண்டி வருகிறது.
இவர் மருந்தில்லா விதை தருவதாகக் கையெழுத்துப் போட்டவர்.

மேற்கே பதினொன்று.
ஓடை ஓரம் ஒன்பது, பதினான்கு, ஆறு.
கிழக்கே
முப்பத்தெட்டு.
மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்று.
கதிரில் உமிதான் இருந்தது.

"எல்லாவற்றையும் அறுத்துவிடவா?"
பாதி விதை இன்னும் பச்சை.
இப்போது அறுத்தால் உலர்த்துகிற செலவு தலைக்கு மேல் போகும்.
விட்டால் புழு அறுத்துக்கொள்ளும், கூலி கேட்காமல்.
பதில் சொல்லாமல் ஓடைப் பக்கம் திரும்ப நடந்தேன்.
அங்கேதான் கண்டேன்.
செடி உச்சியில், பின்னங்காலால் மட்டும் பிடித்துத்
தலைகீழாக ஒன்று.
தொட்டதும் தோல் கிழிந்து பழுப்புத் தண்ணீர்.
நாலு செடி தள்ளி இன்னொன்று.
அப்புறம் மூன்று.
அவற்றுக்குள் கிருமி இறங்கிவிட்டது.

எந்த உயிருக்கும் நோய் வரட்டும் என்று
வேண்டிக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை.
அன்றைக்கு வேண்டினேன்,
வாய்விட்டு, தமிழில்.

கிழக்கை அறுங்கள், மேற்கை விடுங்கள் என்றேன்.
எத்தனை நாள்?
ஐந்து.
அவர் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டி
ஒன்றும் பேசாமல் கியரைப் போட்டார்.

கிழக்கே நாற்பது ஏக்கர்.
உலர்த்தி இரண்டு இரவு ஓடியது.
கிடைத்தது பாதிக்கும் கீழ்.
பொறியில் அந்துப்பூச்சி குறைவு, அவசரமில்லை என்று
ஜூலையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மேற்கே சட்டத்தை வைத்து உலுக்கினேன்.
பெரும்பாலும் தொங்கிக் காய்ந்த தோல்.
விதை கனத்துக் கதிர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
ஓரெஸ்ட் வரவில்லை, மகனை அனுப்பியிருந்தார்.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றேன்.
கல்லாவில் இருந்த பையன் மூக்கை இழுத்து
என் பிசின் சட்டையைப் பார்த்துக் கண்ணடித்தான்:
"இன்றைக்கு நல்ல சரக்கோ?"

மீட்டருக்கு மூன்று, என்றேன்.