அட்டையின் தமிழ்ப் பக்கம்

ஹோட்டல்காரர் கேட்டது அறுபது சொல்.
மூன்று மொழியில், ஒரே அட்டையில்,
பஃபே மேசைக்குப் பக்கத்தில் வைக்க:
ஹாலோவீன் என்றால் என்ன.
தமிழ் என் பங்கு.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு,
'ஆகவே'க்கும் அதே விலை.

முதல் சொல்லிலேயே தடுக்கியது.
எழுத்தைக் கூட்டினால் சம்ஹைன்,
அந்த ஊர் வாயில் சவ்வின்.
வாய்க்கே விட்டேன்.
கோடையின் முடிவு என்று பொருளாம்.
கொழும்பில் கோடை எங்கே முடிகிறது?
காலி வீதியில் ஒரு கொட்டம்பா மரம்
தனக்குத் தோன்றிய மாதத்தில் சிவந்து
தனக்குத் தோன்றிய மாதத்தில் கொட்டும்.
மற்றதெல்லாம் பச்சை,
அல்லது மழை.

மாடுகளை மலையிலிருந்து இறக்குவார்களாம் அன்று.
அவர்களுக்கு வருஷம் இருட்டில்தான் தொடங்குமாம்,
நாளும் அப்படியே, அந்தி பட்டதும்.
வீட்டு அடுப்புகளை அணைத்துவிட்டு
குன்றில் மூட்டிய ஒரே நெருப்பிலிருந்து
வீட்டுக்கொரு கொள்ளி.
'பெருநெருப்பு' என்று எழுதி வெட்டினேன்.
இந்த நகரத்தில் அந்தச் சொல்லைத் தமிழில் எழுத
கை கொஞ்சம் நிற்கும்.
'தீ மூட்டி மகிழ்ந்தனர்' இன்னும் மோசம்.
கடைசியில் 'சுடர்' என்று போட்டேன். பொய்தான்.

சமையலறையில் இம்தியாஸ்
பூசணிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தான்.
அயர்லாந்தில் முதலில் வெட்டினது டேர்னிப்பாம் என்றேன்.
"நல்ல காலம். நுவரெலியா டேர்னிப் என்றால்
பேய்க்கொரு விரல் போயிருக்கும்."
தோண்டிய சதை ஊழியருக்குப் பகல் கறி,
தேங்காய்ப்பால் தூக்கலாக.

பிறகு வந்தது முகமூடி.
அன்றிரவு இறந்தவர்கள் நடமாடுவார்கள்;
அவர்கள் அடையாளம் காணாதிருக்க
உயிரோடிருப்பவர்கள் முகத்தை மறைத்தார்கள்.
பத்துப் பன்னிரண்டு சொல். எளிது.
பேனையை மூடி வைத்தேன்.

நான் பார்த்த முதல் முகமூடி ஒரு சாக்கு.
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
கொட்டாஞ்சேனை லொட்ஜ் வாசலில், விடியப்புறம்,
ஜீப்பின் முன் இருக்கையில் இருந்தது.
நாங்கள் அடையாள அட்டைகளோடு வரிசையில்.
எனக்கு ஒன்பது வயது, பல் தீட்டியிருக்கவில்லை.
அப்பாவுக்கு அது அசையவில்லை.
பதினோராம் அறைக் கிருபைராசாவுக்கு
ஒருமுறை, மெதுவாக,
ஆம் என்றது.

முதல்நாள் இரவு அவரிடம் அப்பா இரவல் வாங்கிய
இஸ்திரிக்கைப் பெட்டி
எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தது.
திருப்பிக் கொடுக்க அறை இருந்தது.

நிகழ்ச்சி மனேஜர் ருவந்தி
ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்தாள்:
'இறந்தவர்களுக்காகக் கதவைத் திறந்து
ஒரு தட்டு வைத்தார்கள்.'
பஃபேக்குப் பக்கத்தில் சாவு வேண்டாமே என்றாள்.
ஆங்கிலத்தில் போயிற்று. சிங்களத்தில் போயிற்று.
அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
நான் அந்த வரியை வைத்தேன்.
ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன்:
'இறந்தவர்களுக்காக' இருந்த இடத்தில்
'வராதவர்களுக்காக'.
எண்ணிக்கை கெடவில்லை.

முப்பத்தோராம் திகதி, வழக்கமான மாலை இடி.
வாசல் ஸ்கேனரில் சூனியக்காரிகள்
மூக்கைக் கழற்றிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள்.
அட்டையை யாரும் திருப்பியதாகத் தெரியவில்லை.
கடைசியில் மேசை துடைத்த பெண்
ஒன்றை எடுத்து, சோஸ் கறையை ஒற்றி,
நின்று வாசித்தாள்.
தமிழ்ப் பக்கமே தெரிய வைத்துவிட்டு
அடுத்த மேசைக்குப் போனாள்.

வெள்ளவத்தைக்கு வந்து சேரப் பதினொன்றரை.
நாளைய சட்டைக்கு
அந்தப் பெட்டியைத்தான் சூடாக்கினேன்.
இரும்பு அதேதான், பிடியின் கருகலும்.
வயரையும் பிளக்கையும் இரண்டு தரம் மாற்றியாயிற்று.
கிருபைராசா வந்தால்
முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்:
வயர் உங்களுடையதல்ல.