நாலாயிரத்து எழுபத்தொன்று

இலோயிலோவில் எங்கள் தெருவில்
பாட்டுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
"இரண்டாயிரத்துப் பதினெட்டு போடு" என்பான் மீன்வண்டி ரொமுலோ.
அது அவன் கல்யாணம் முறிந்த பாட்டு.

வீடியோகே பெட்டியை வாடகைக்கு விடுபவன் நான்.
காலையில் எடுக்கப் போனால்
மைக்கில் உதட்டுச்சாயம், கருவாட்டு வாசனை,
காசுப்பெட்டியில் ஐந்து பெசோ நாணயங்களோடு
யாரோ திணித்த சட்டைப் பொத்தான்.
பெட்டி மார்க்கும் போடும்.
தொண்டையைச் செருமினாலே தொண்ணூறு.
நன்றாகப் பாடும் எஸ்தெலிட்டாவுக்கு என்றைக்கும் அறுபத்தெட்டு.
அதற்காக என்னோடு சண்டைக்கு வருவாள்,
என்னவோ நான் செய்த பெட்டி மாதிரி.

போன மாதம் புதுசு வாங்கினேன்.
எண்களெல்லாம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

கப்பலுக்குப் போன கணவன் திரும்பாத பதினோராம் வருஷம்,
அவன் பிறந்தநாளுக்கு மட்டும் பெட்டி எடுக்கிற புரிங்
நாலாயிரத்து எழுபத்தொன்றை அழுத்தினாள்.
வந்தது ஒரு டிஸ்கோ.

பாட்டின் பெயர் அவளுக்குத் தெரியாது.
எனக்கும்தான்.
திரையில் எவளோ ஒரு வெள்ளைக்காரி கடற்கரையில் ஓட
மைக்கைப் பிடித்தபடி நின்றாள், கடைசி வரி வரைக்கும்.
தகரத்தில் மழை. அடுத்த வீட்டு நாய்.
அடுப்பில் பன்றிக்கறியை யாரும் திருப்பிப் போடவில்லை.

பெட்டி எக்காளம் ஊதி
தொண்ணூற்றெட்டு என்றது.

யாரோ கை தட்டிவிட்டார்கள், பழக்கதோஷம்.
அவளும் லேசாகக் குனிந்து நன்றி சொன்னாள்.
பிறகு பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து
முதல் வரி முதல் வரியாக
விரலை ஓட்டத் தொடங்கினாள்.
ஆறாயிரம் பாட்டு.

ஒன்பது மணிக்கு எடுத்துப்போக வந்தவன்
வண்டியை அணைத்துவிட்டு
கறியைத் திருப்பிப் போட்டேன்.